ஸ்டேஷன் படத்தில் கடைசி வசனம்

விளக்குகளை அணைத்துவிட்டார்கள். சூசை அண்ணனின் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு விசில் வருகிறது, கொசு ரீங்கரிப்பதுபோல மெல்லியதாக, விடாமல். முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்க்கிறாள். அவர் விரலை வைத்து எதையோ அமுக்குகிறார், நின்றுவிடுகிறது. மகள் ரெஜினா பெங்களூரிலிருந்து வாங்கி வந்து மாட்டிவிட்ட காது கேட்கும் கருவி அது, தோல் நிறத்தில் ஒரு முந்திரிப்பருப்பு அளவு. மாட்டி நாலு நாள்தான் ஆகிறது. வரும்போது பஸ்ஸில், செருப்புச் சத்தம்கூட இவ்வளவு இருக்குமா நல்லு, ஊரே செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்கிறது என்றார். சிரித்தேன். சிரித்தேனா அல்லது சிரித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டேனா, அவருக்குத் தெரிந்திருக்கும், முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்கிறவர் அவர், அதுதானே இப்போது பிரச்சினை. மடியில் என் பை. பைக்குள் என் புத்தகத்தின் அச்சுப்படி, நூற்று எழுபத்தாறு பக்கம், ஆல்டன் மெர்சர் என்ற ஹாலிவுட் இயக்குநரைப் பற்றித் தமிழில் வருகிற முதல் புத்தகம் என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது. இந்தப் படம் முடிந்ததும் நான் மேடையேறி அதன் கடைசி அத்தியாயத்திலிருந்து பத்து நிமிஷம் வாசிக்க வேண்டும். இந்தக் கல்லூரியில் விழாவை நடத்துகிற எழிலரசி, சார் அந்த ரயில்வே ஸ்டேஷன் வசனத்தை மட்டும் விட்டுடாதீங்க, அதைப் படிச்சுட்டு நான் அழுதுட்டேன் என்று காலையில்கூடச் சொன்னாள். அந்த வசனம் இந்தப் படத்தில் இல்லை. எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். இன்னும் ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிற இருநூறு பேருக்கும் தெரிந்துவிடும், ஏனென்றால் கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. சூசை அண்ணனுக்கும் காது கேட்கிறது.

இதோ, திரையில் அந்தச் சமையலறை. மெர்சர் எப்போதும் கேமராவை உட்கார்ந்திருக்கிற ஆளின் உயரத்தில்தான் வைப்பார், நின்றுகொண்டிருக்கிறவர்களின் தலை பாதி நேரம் திரைச்சட்டத்துக்கு வெளியே போய்விடும், கைகள் மட்டும் தெரியும், கைகள் ரொட்டியை வெட்டும், கோப்பையைக் கழுவும், கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவும். கறுப்பு வெள்ளையில் அந்த ஜன்னல் வெளிச்சம் மாவுபோல மேசைமேல் கொட்டிக்கிடக்கிறது. முதல்முறை பார்த்தபோது மேசையின் இடது ஓரத்தில் ஒரு நீளமான கீறல் இருந்தது, மேசையில் இருந்த கீறலா பிலிமில் விழுந்த கீறலா என்று நாங்கள் வாதம் செய்தோம். இப்போது கீறல் இல்லை, படத்தைப் புதுப்பிக்கும்போது துடைத்துவிட்டார்கள், எல்லாமே பளிச்சென்று இருக்கிறது, எனக்கு அந்தக் கீறல் வேண்டியிருக்கிறது. அது தொண்ணூறாம் வருஷம். பொன்மலையில் தொழிற்சங்கத்துக் கூடம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை, ஜன்னல்களில் கறுப்புத் துணி, மடக்கு நாற்காலி. எங்கள் பிலிம் சொசைட்டியில் முன்வரிசைகள் கல்லூரி வாத்தியார்களுக்கும் வங்கிக்காரர்களுக்கும் உரியவை, இங்கிலீஷ் தெரிந்தவர்கள். பின்வரிசை எங்களுடையது. எனக்கு இருபத்திரண்டு வயது, தொலைபேசித் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன், இங்கிலீஷைப் படிப்பேன், அவர்கள் பேசினால் ஒரு சொல் புரியாது. பக்கத்து நாற்காலியில் ரயில்வே பணிமனையின் பாய்லர் ஷாப்பில் வேலை பார்க்கிற சூசைமாணிக்கம், முப்பத்தோரு வயது, கையில் மடித்த இங்கிலீஷ் பேப்பர். பேப்பரைப் பார்த்ததும் இந்த ஆளுக்குத் தெரியும் என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணே, என்ன சொல்றான் என்று கேட்டேன். அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து, ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்ட, ஆனால் மூன்று வரிசைக்குக் கேட்கிற ஒரு குரலில், "எனக்கு உன்மேல கோவமில்ல, கோவப்படத் தெம்பில்லங்கிறான்" என்றார். எனக்கு முதுகு சிலிர்த்தது. அந்த நடிகனின் முகத்தில் அதுதான் இருந்தது, அட்சரம் பிசகாமல் அதுதான்.

அதற்குப் பிறகு நான் கேட்கவே வேண்டியதில்லை. அவரே சொல்லிக்கொண்டு வருவார். அடுத்த மாதம் அவருக்கு அந்தப் பக்கத்து நாற்காலிக்காரரும் சாய்ந்து கேட்டார், அதற்கடுத்த மாதம் வரிசையே சாய்ந்தது. முன்னாலிருந்து உஷ் உஷ் என்பார்கள், அவர் நிறுத்த மாட்டார். என்ன துணிச்சல் இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன். உஷ் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைக்க எனக்கு ஏன் தோன்றவில்லை? மெர்சரின் படங்கள் மட்டும் அந்த ஏழெட்டு வருஷத்தில் பதினான்கு வந்தன, பெட்டி பெட்டியாகச் சென்னையிலிருந்து ரயிலில். நாங்கள் அவற்றின் இங்கிலீஷ் பெயர்களைச் சொன்னதே இல்லை, குதிரைக்காரன் படம், தபால்காரி படம், இரண்டு தங்கச்சி படம், இதோ இது ஸ்டேஷன் படம். மெர்சரை 'நம்மாளு' என்போம். நம்மாளு படம் வருது நல்லு, லீவு போட்டுடு. நம்மாளு படத்தில் யாரும் முழுசாகச் சாப்பிட மாட்டார்கள் என்பதைக் கண்டுபிடித்ததே சூசை அண்ணன்தான். கவனித்துப் பாரு, தட்டு வரும், ஒரு வாய் வைப்பான், கதவு தட்டும், இல்லன்னா சண்டை வரும், இல்லன்னா ஜன்னல் வழியா யாரையோ பாத்துட்டு எழுந்திரிச்சிடுவான் என்றார். பதினான்கு படங்களில் முப்பத்தொரு சாப்பாடு, ஒன்றுகூட முடியவில்லை. என் புத்தகத்தில் அது மூன்றாவது அத்தியாயம். அது மட்டும் உண்மை, அதைச் சரிபார்த்துவிட்டேன், அதற்குக் காது தேவையில்லை.

மற்றவை? எழிலரசி தமிழ் எழுத்துகளைச் சரிபார்க்கச் சொல்லி இந்தப் படத்தை அனுப்பியிருந்தாள். மாடியறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் காட்சியிலேயே, கோபப்படத் தெம்பில்லை என்கிற இடத்தில், கூரையைச் சரிசெய்ய ஆள் வரவில்லை என்று கீழே ஓடியது. மொழிபெயர்த்தவர் தவறு செய்துவிட்டார் என்று குறித்து வைத்தேன். பெருமையோடுதான் குறித்தேன். இரண்டாவது தவறு, மூன்றாவது தவறு, பதினேழாவது தவறு என்று ஒரு முழுத்தாள் நிரம்பியது. கடைசிக் காட்சியில் ஸ்டேஷன் பெஞ்ச். சுரங்க வேலைக்குப் போகிற கணவன் நிற்கிறான், அவள் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் தகர டிபன் டப்பா. ரயில் வருகிறது. அவள் நிமிர்ந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். முப்பத்தைந்து வருஷமாக என் தலைக்குள் அந்த உதடுகள், "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றுதான் அசைகின்றன. கீழே, மழை வரும் போலிருக்கிறது என்று வந்தது. பின்னால் ஓட்டினேன். மழை வரும் போலிருக்கிறது. எட்டு முறை ஓட்டினேன், எட்டாவது முறை எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு காதால் மட்டும் கேட்டேன், ரெயின் என்ற சொல் தெளிவாக விழுந்தது. பல வருஷங்களுக்கு முன் நாகர்கோவிலிலிருந்து ஒருவர் கடிதம் எழுதியிருந்தார், ஸ்டேஷன் படத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில் நீங்கள் சொல்லும் வசனம் படத்தில் இல்லையே என்று. வெட்டுப்பட்ட பிரதியைப் பார்த்திருப்பீர்கள் என்று பதில் போட்டேன். எவ்வளவு நிதானமாக, எவ்வளவு பெரிய மனுஷன்போலப் போட்டேன். அவர் பெயர் மறந்துவிட்டது, அவர் கையெழுத்து மட்டும் இந்த மூன்று வாரமாகத் தூக்கத்தில் வருகிறது. நான் நேசித்தது யாரை? மெர்சரையா? மெர்சர் என்று ஒருவர் இருந்தாரா என் வாழ்க்கையில்?

கோபம் வந்தது, ஒரே ஒரு நாள். ஏமாற்றிவிட்டாரே என்று. இங்கிலீஷ் தெரியாமலா இத்தனை வருஷம், பேப்பர் சும்மா மடித்து வைத்திருந்தாரா? மறுநாள் ரெஜினா பேசினாள், அங்கிள், அப்பாவை ஒருவழியா மெஷின் மாட்டிக்கச் சம்மதிக்க வச்சுட்டேன், காலேஜ் விழாவுல போடுற படத்துக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போகணும், முதல் தடவையா சத்தத்தோட பாக்கப்போறாரு என்றாள். முதல் தடவையாவா என்றேன். அப்பாவுக்கு நான் பிறக்கறதுக்கு முன்னாடியே காது போயிடுச்சே, பாய்லர் ஷாப்ல எல்லாருக்கும் போகும், உங்களுக்குத் தெரியாதா என்றாள். தெரியாது. இருபத்தெட்டு வருஷம் கம்பத்தில் ஏறி, கையில் டெஸ்ட் போனை வைத்துக்கொண்டு, ஹலோ கேக்குதா, ஹலோ கேக்குதா என்று ஊரையெல்லாம் கேட்டவன் நான். மறுமுனையில் இருப்பவர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்பதைக்கூடக் குரலை வைத்துச் சொல்லிவிடுவேன், இலாகாவில் அது ஒரு வேடிக்கை, பந்தயம் கட்டுவார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்குக் கேட்கவில்லை என்று தெரியவில்லை. போன் கனெக்‌ஷன் சீக்கிரம் வாங்கித் தருகிறேன் அண்ணே என்றபோது, போன்ல பேசுறது மனுஷன் பேசுறதா, நேர்ல வா என்றாரே. டீக்கடையில் அவரே பேசிக்கொண்டிருப்பாரே, கேள்வி கேட்டால் முகத்தையே பார்ப்பாரே, நான் அதை மரியாதை என்று நினைத்தேன். காதுக்குள் கொதிகலன் தகட்டை அடித்து அடித்து இறங்கிய சத்தம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லாமை, அந்த ஒன்றுமில்லாமைக்குள் மாதம் ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்து ஊமைப்படமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு பையன் வந்து என்ன சொல்றான் என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? எனக்கும் கேட்கவில்லை தம்பி என்று சொல்லியிருக்கலாம். நான் அந்த இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேனா? இந்த அரங்கில் இன்னும் அரைமணியில் எழுந்துநின்று, எனக்குத் தெரியாது என்று சொல்லப்போகிறேனா?

குளிர்சாதனம் முழங்காலைக் குடைகிறது. திரையில் அவள் கணவனின் பெட்டியை அடுக்குகிறாள், சட்டைகளை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்து. பெட்டி என்றாலே எனக்கு அந்த நீல ரெக்ஸின் பெட்டி, தொண்ணூற்றொன்பதாம் வருஷம், என் மனைவி காந்திமதி வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறாள், புதுக்கோட்டைக்கு, அவள் அம்மா வீட்டுக்கு. என்ன சண்டை என்று கேட்டால் சண்டையே இல்லை. அதுதான் சண்டை. நாங்கள் பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் அந்த மூன்று வாரமும் குதிரைக்காரன் படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஏதாவது சொல்ல வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று உடம்பெல்லாம் தெரிகிறது, வாயில் ஒன்றுமில்லை. அப்போது அந்த ஸ்டேஷன் பெஞ்ச் வந்தது, அந்தப் பெண்ணின் உதடு வந்தது. "சாப்பிட்டுட்டுப் போ" என்றேன். காந்திமதி என்னைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போய்த் தட்டெடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தலை நிமிராமல், ரசம் சாதமும் கத்தரிக்காயும் முழுசாகச் சாப்பிட்டாள். ஆட்டோ இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான், அவள் போகவில்லை. ஒரு படம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை, புத்தகத்திலும் எழுதவில்லை, ஆனால் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் அந்தத் தட்டு இருக்கிறது. இப்போது அது யாருடைய தட்டு? மெர்சர் போடவில்லை. பாய்லர் ஷாப்பில் சுத்தியல் பிடித்தவர், தகர டப்பாவைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் வேறு என்னதான் சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்துப் போட்டது. அவளைச் சாப்பிடச் சொன்னேனே தவிர ஏன் போகிறாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. சாப்பிட்டாள், இருந்தாள், சரியாகிவிட்டது என்று எழுந்து மாடிக்குப் போய் மிச்சக் கட்டுரையை எழுதினேன்.

ஸ்டேஷன் வந்துவிட்டது. அவருக்கு இப்போது கேட்டுவிடும். அவர் இட்டுக்கட்டியது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கீழே ஓடுகிற எழுத்தை நான் படிப்பதை அவர் பார்ப்பார், நான் படிப்பதை அவர் பார்ப்பதை நான் பார்ப்பேன், அறுபத்தாறு வயது மனுஷர், இத்தனை வருஷத்தில் என்னிடம் கூச்சப்பட்டு நின்றதே இல்லை. அழைத்து வந்திருக்கக் கூடாது. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். பஸ் தவறியிருக்கலாம். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் டப்பா. பக்கத்தில் ஏதோ அசைகிறது, சூசை அண்ணன் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகிறார், அந்த முந்திரிப்பருப்பைக் கழற்றுகிறார், அது ஒரு முறை கீச்சென்று கத்துகிறது, சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். என் பக்கம் சாய்கிறார். அந்தப் பழைய வாசனை, எண்ணெயும் வெற்றிலையும். திரையில் ரயில் புகை. அவள் நிமிர்கிறாள், உதடு அசைகிறது, கீழே மழை வரும் போலிருக்கிறது என்று ஓடுகிறது, மூன்று வரிசைக்குக் கேட்கிற அந்த ரகசியக் குரல் என் காதில் சொல்கிறது, "தப்பாச் சொல்லிட்டேன் நல்லு. அவனைச் சாப்பிடச் சொல்லல இவ. டப்பாவை எப்படி இறுக்கிப் புடிச்சிருக்கா பாரு. பசியில இருக்கா. இந்த மடையன் கேக்கவே இல்ல."

முன்வரிசைப் பெண் உஷ் என்கிறாள். அவருக்குக் கேட்கவில்லை. நான் அந்தக் கைகளைப் பார்க்கிறேன். எத்தனை முறை பார்த்திருக்கிறேன், நூற்று எழுபத்தாறு பக்கம் எழுதியிருக்கிறேன், அந்த விரல்களைப் பார்த்ததில்லை, மூடிமேல் வெளுத்துப்போய்ப் பதிந்திருக்கின்றன. டப்பா திறக்கப்படவே இல்லை. முப்பத்திரண்டாவது சாப்பாடு. நான் எண்ணாமல் விட்டது. ரயில் போகிறது, புகை கலைகிறது, அவள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள், விளக்குகள் எரிகின்றன. யாரோ கைதட்டுகிறார்கள். சூசை அண்ணன் கருவியை எடுத்து ஊதி, மறுபடி மாட்டிக்கொண்டு, என் முகத்தை ஒரு கணம் பார்க்கிறார். அந்த ஒரு கணத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டார். எத்தனை நாளா தெரியும் என்கிறார். மூணு வாரம் என்கிறேன். தலையாட்டுகிறார். அன்றைக்கு மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தால் வேலையை மாற்றி கேட் காவலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வீட்டைத் தவிர எங்கேயும் மூச்சுவிடவில்லை, பிறகு உன்னிடம் சொல்லலாம் என்று பார்த்தால் நீ கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டாய் என்கிறார். இரண்டு பேரும் சிரித்துவிடுகிறோம், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. மேடையில என்ன படிக்கட்டும் அண்ணே என்கிறேன். "உள்ளதைச் சொல்லு. ரிட்டயர்டு ஆயாச்சு, இனிமே என்னைய எவன் கேட்ல உக்கார வைக்கிறது."

மைக் சரிசெய்ய ஐந்து நிமிஷம் ஆகும் என்கிறாள் எழிலரசி. நான் வராந்தாவுக்கு வருகிறேன். மணி ஒன்று பத்து. வெளியே வெயில் மங்கிப்போயிருக்கிறது, வேப்பமரம் அசையாமல் நிற்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, வருஷத்தில் பன்னிரண்டு, திருமணமாகி இருபத்தொன்பது வருஷம், அவள் சாப்பிட்டாளா என்று நான் கேட்காத மதியங்கள், பெருக்கிப் பார்க்க வேண்டாம். போனை எடுக்கிறேன். மணி அடிக்கிறது. நாலாவது மணியில் எடுக்கிறாள்.

"காந்தி, சாப்பிட்டியா?"

ஏன், என்னாச்சு, எங்கே இருக்கீங்க என்கிறாள், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்த குரலில். ஒன்னுமில்ல, சும்மாதான் கேட்டேன் என்கிறேன். உள்ளே அரங்கில் யாரோ மைக்கைத் தட்டி, ஹலோ, ஹலோ, கேக்குதா என்கிறார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன். அவள் நின்றுகொண்டிருக்கிறாள். சமையல் மேடைக்குப் பக்கத்தில், ஒரு கை எதையோ பிடித்திருக்க, நின்றுகொண்டிருக்கிறாள். அது எனக்குக் கேட்கிறது.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்கிறாள் காந்திமதி.